அத்தையின் ஒப்பாரியும் அரக்கோணத்துப் பாட்டும்

சென்ற மாதம் விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன், செல்போனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டி, "தாத்தா, இதுக்குப் பேரு புளூஸ். அமெரிக்காவுல கறுப்பின மக்கள் பாடுறது. உங்களுக்குப் புரியாது" என்றான். கடைசி வார்த்தைதான் வம்பாகப் போயிற்று. புரியாது என்று சொல்லிவிட்டால் இரண்டில் ஒன்று பார்க்காமல் விடுவதில்லை என்பது ரயில்வேயில் இருந்த நாளிலிருந்தே என் குணம். காதில் வைத்துக் கேட்டேன். ஒரு கிதார் அழுதுகொண்டிருந்தது. கனத்த குரலொன்று ஒரு வரியைச் சொல்லி, அதையே மறுபடியும் சொல்லி, மூன்றாவதாக வேறொரு வரியில் கொண்டுபோய் இறக்கியது. ஆங்கிலம் பாதிதான் விளங்கிற்று. ஆனால் அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். சாம்பியன் ரீஃப் லைன் வீடுகளில், சாவு விழுந்த வீட்டு வாசலில், தலைவிரி கோலமாக உட்கார்ந்து என் அத்தை எடுக்கும் குரல் அது.

அன்று முதல் இந்த விஷயத்தைப் பற்றிப் படித்தும் கேட்டும் வருகிறேன். சங்கீத ஞானம் எனக்குக் கிடையாது. டிப்ளமோ படித்துவிட்டுத் தண்டவாளம் போட்டவன். ஆனாலும் இதில் நம் தங்கவயல் தமிழர்களுக்குச் சம்பந்தம் இருக்கிறது என்று தோன்றியதால் எழுதுகிறேன். கருத்து வேறுபாடு உள்ள அன்பர்கள் அடுத்த இதழில் தாராளமாக எழுதலாம்.

புளூஸ் பிறந்த கதையிலேயே ஒரு ரயில் நிலையம் வருகிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தி விளையும் பகுதி. 1903 ஆம் ஆண்டு டட்வைலர் என்ற சின்ன ஸ்டேஷனில், வராத வண்டிக்காகக் காத்திருந்து தூங்கிப்போனார் டபிள்யூ. சி. ஹாண்டி என்ற பாண்டு வாத்தியக்காரர். கண் விழித்தபோது பக்கத்தில் கிழிந்த உடையோடு ஒரு கறுப்பு மனிதர் கத்தியைக் கிதார் தந்தியில் அழுத்தி வாசித்துக்கொண்டு, இரண்டு ரயில் பாதைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் ஓர் ஊரைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தாராம். அப்படி ஒரு சங்கீதத்தை அதுவரை கேட்டதில்லை என்று ஹாண்டி பிற்பாடு தம் சுயசரிதத்தில் எழுதினார். அந்தப் பாணியில் அவர் அச்சிட்ட பாட்டுகள் உலகப் புகழ் பெற்றன. 'புளூஸின் தந்தை' என்ற பட்டமும் அவருக்குக் கிடைத்தது. அவருடைய சுயசரிதத்தின் தலைப்பே அதுதான். ஸ்டேஷனில் பாடிய மனிதரின் பெயர் என்ன? எங்கும் இல்லை. ஹாண்டியைக் குறை சொல்லியும் பயனில்லை. அவரே தம் முதல் பெரிய பாட்டின் உரிமையை 1912 இல் வெறும் 50 டாலருக்கு விற்றுவிட்டு, பிறகு கைபிசைந்தவர்தான்.

அந்த நாட்டில் பாதை போடும் கூலியாட்களுக்கென்று தனிப் பாட்டு இருந்தது என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அது நம் ஊரில் மட்டும் இல்லையா என்ன? 1982 இல் நான் பாதைப் பிரிவில் சேர்ந்தபோது எல்லாம் கைவேலைதான். 13 மீட்டர் தண்டவாளம், மீட்டருக்கு 52 கிலோ. கணக்குப் போட்டால் 676 கிலோ. இருபது பேர் தூக்கினால் ஆளுக்கு ஏறக்குறைய 34 கிலோ. ஆனால் காகிதத்தில்தான் அது ஆளுக்கு 34. இருபது பேரும் ஒரே நொடியில் மூச்சுப் பிடிக்காவிட்டால் யாரோ ஒருவன் தலையில் 100 கிலோ இறங்கும், கால் நசுங்கும். அந்த ஒரே நொடியைக் கொண்டுவருவது பாட்டு. மேட் முதல் அடியைக் கொடுப்பார், ஆட்கள் பதில் அடி கொடுப்பார்கள், பதில் அடியின் கடைசி எழுத்தில் தண்டவாளம் எழும்பும். கடப்பாரை போட்டுப் பாதையை நகர்த்தும்போதும் அப்படியே. பாட்டில் பாதி, மேற்பார்வைக்கு நிற்கும் எங்களைப் பற்றிய கேலியாக இருக்கும். புதுசாக வந்த என் தொப்பியைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பாடினார்கள். கோபப்படவும் முடியாது, பாட்டு நின்றால் வேலை நிற்கும். பிறகு காங்கிரீட் ஸ்லீப்பர் வந்தது, ஜல்லி இடிக்கும் பெரிய இயந்திரங்கள் வந்தன. வேலை சுலபமாயிற்று, அதில் எனக்கு மகிழ்ச்சியே. பாட்டு போய்விட்டது. அதை ஒரு காகிதத்தில்கூட நான் குறித்து வைக்கவில்லை. எத்தனை ஸ்லீப்பர் மாற்றினோம் என்பதற்கு மட்டும் மூன்று பிரதிகளில் கணக்கு இருந்தது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். ஜான் டெய்லர் கம்பெனி 1880 களில் இங்கே தங்கம் வெட்டத் தொடங்கியதும், வடஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் நம் முன்னோர் கூட்டங்கூட்டமாக வந்ததும் எல்லோரும் அறிந்ததே. பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை 16 கிலோமீட்டர் ரயில் பாதை 1894 இல் வந்தது. சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் 1902 இல் வந்தது. பெங்களூர் நகரத்துக்கே அதற்குப் பிறகுதான் வெளிச்சம். வெள்ளைக்காரர் பங்களாவில் விளக்கு எரிந்தபோது நம் பாட்டன்மார் மூங்கில் தட்டி வீட்டில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போயிற்று. அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். பாறை வெடித்துச் சிதறுவதை நம்மவர்கள் 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். பூமிக்கு மேலே வீட்டுப் பாத்திரங்கள் உருளும், அடுத்த நிமிஷம் பெண்கள் எல்லாரும் ஷாஃப்ட் பக்கம் ஓடுவார்கள். அதில் தப்பியவர்களை நெஞ்சுத் தூசி பிடித்தது. இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதன்முதலாக அறியப்பட்டதே 1934 இல் இங்குதான்.

என் தந்தையாரும் அப்படித்தான் இருமி இருமி 1991 இல் காலமானார். அப்போது நான் பாதை இன்ஸ்பெக்டர். துக்கம் கேட்க என் மேலதிகாரிகள் இருவர் ஜீப்பில் வந்திருந்தார்கள். அப்பாவின் தங்கை, என் அத்தை, வாசலில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா எந்த வயதில் முதல் முதலாகக் கேஜில் இறங்கினார், அன்று யார் கையைப் பிடித்துக்கொண்டார், அவருடைய டிக்கெட் நம்பர் என்ன, எந்த ஏர் பிளாஸ்டில் ஒன்றரை நாள் உள்ளே கிடந்தார், கூட இருந்து செத்தவர்கள் யார் யார், மகனை டிப்ளமோ படிக்க வைக்க எந்தச் சேட்டிடம் எந்த நகையை வைத்தார்கள் என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது. ஒரு வரியைச் சொல்வாள், அதையே மறுபடி சொல்வாள், மூன்றாவதில் இறக்குவாள். அதிகாரிகள் முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது. அதிலும் நகை அடகு வைத்த கதை வந்ததும் பொறுக்க முடியவில்லை. அத்தை காதருகே போய், "அத்தே, போதும். ஆபீஸ்காரங்க வந்திருக்காங்க" என்றேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு எடுக்கவே இல்லை.

அத்தை 2003 இல் போனாள். அவளுக்கு ஒப்பாரி வைக்க யாரும் இல்லை. கூலிக்குப் பிடித்த பாண்டு செட் சினிமாப் பாட்டு வாசித்தது.

கம்பெனி ரிஜிஸ்தரில் என் தந்தை ஒரு எண். பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட பிறகு, பென்ஷன் தகராறு ஒன்றுக்காக அப்பாவின் பழைய விவரம் தேவைப்பட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அவர் எந்த ஷாஃப்டில் எத்தனை வருஷம் இருந்தார் என்ற முழு விவரமும் ஓர் இடத்தில் மட்டுமே இருந்திருக்கிறது. அதன் வாயை நானே மூடியிருக்கிறேன்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அறிவு என்ற இளைஞரின் கதையைப் பாருங்கள். முழுப்பெயர் அறிவரசு கலைநேசன். அரக்கோணத்துப் பிள்ளை. பயிற்சிக் காலத்தில் நான் சில மாதம் தங்கியிருந்த ஊர் அது. 1856 இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் போன பாதையில் உள்ள ஜங்ஷன். நம்மில் பலருடைய பாட்டன் பாட்டி மூட்டை முடிச்சோடு வண்டி ஏறியதும் அந்தப் பாதையில்தான். அறிவு பொறியியல் படித்தவர், மேலே எம்.பி.ஏ. படித்தவர். தாமே எழுதித் தாமே பாடுகிறவர். 2018 ஜனவரியில் சென்னையில் இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து அரங்கேற்றிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழுவில் கானாப் பாடகர்களோடு சேர்ந்து பாடித் தெரியவந்தார். அந்தக் குழுவின் பெயர், அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட 'சாதி பேதமற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து எடுத்தது. பண்டிதரின் 'தமிழன்' பத்திரிகையை அவர் மறைவுக்குப் பின், 1920 களில், தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தியவர் ஜி. அப்பாதுரையார் என்பதை நம் ஊர் இளைஞர்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறோமா? பண்டிதரின் நூல்களை அச்சிட்டுக் காத்த சித்தார்த்தா புத்தகசாலையும் நம் ஊரில்தான் இருந்தது. சென்னைக்காரப் பிள்ளைகள் அந்தச் சொல்லை எடுத்து மேடை ஏற்றுகிறார்கள். நாமோ மேடையில் யாருக்குப் பொன்னாடை என்று தகராறு செய்துகொண்டிருக்கிறோம்.

2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாயி எஞ்சாமி' என்ற பாட்டை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கல்யாண வீட்டில் ஆடியும் இருப்பீர்கள். பாடியவர்கள் தீயும் அறிவும், இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன், பாட்டெழுதியவர் அறிவு. ஆட்டம் போட வைக்கும் மெட்டு. ஆனால் உள்ளே இருப்பது ஒப்பாரி. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்டுவிட்டு, கையில் ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தவர். 1964 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று ஒதுக்கப்பட்டார்கள். ஒதுக்கப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காட்டை அழித்துத் தோட்டம் ஆக்கியவர்களுக்கு அந்த மண்ணில் பாத்தியதை இல்லை என்ற அந்தக் கதையைத்தான் பேரன் பாட்டாக்கினார். பாட்டியையே படத்தில் சிம்மாசனம் போல் உட்கார வைத்தார்.

பல கோடிப் பேர் பார்த்த அந்தப் பாட்டுக்குப் பிறகு நடந்ததுதான் என்னை எழுத வைக்கிறது. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' பத்திரிகை அட்டையில் இந்தப் பாட்டையும் 'நீயே ஒளி' என்ற பாட்டையும் முன்னிட்டு இரண்டு கலைஞர்களின் படம் வந்தது. இரண்டையும் எழுதிய அறிவு அட்டையில் இல்லை. கண்டனம் எழுந்த பிறகு அவருக்குத் தனியாக இணைய அட்டை ஒன்று போட்டார்கள். மறு ஆண்டு ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. அதே பாட்டு, பிரதமர் முன்னிலையில். தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார். சில நாளில் அவர், இந்தப் பாட்டை நானே அமைத்தேன், எழுதினேன், பாடினேன், யாரும் எனக்கு ஒரு மெட்டோ சொல்லோ தரவில்லை என்ற பொருளில் வருத்தத்தோடு எழுதினார். சந்தோஷ் நாராயணன், இது மூவரும் சேர்ந்து செய்தது, உரிமையும் மூவருக்கும் சமம் என்று பதில் கூறினார். தீயும் தாம் எங்கும் அறிவின் பெயரை மறைத்ததில்லை என்றார். 2024 இல் சந்தோஷ் நாராயணனே, அந்தப் பாட்டிலிருந்து தங்களில் யாருக்கும் ஒரு பைசா வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னபோது கதை வேறு பக்கம் திரும்பியது.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஒரு பாலம் கட்டினால் வரைபடம் போட்டவர், அஸ்திவாரம் தோண்டியவர், கர்டர் ஏற்றிய கலாசி எல்லாரும் சேர்ந்துதான் அது நிற்கிறது. இசையமைப்பாளர் இல்லாவிட்டால் அந்தப் பாட்டு அரக்கோணம் தாண்டியிருக்காது என்று ஒருவர் வாதாடினால் அதையும் நான் மறுக்க மாட்டேன். எனக்கு உறுத்துவது வேறு. நாற்பது வருஷ சர்வீஸில் எத்தனையோ பாலத்தின் கல்வெட்டைப் பார்த்தேன். திறந்து வைத்தவர் பெயர் பெரிதாக இருக்கும், தலைமை தாங்கியவர் பெயர் அடுத்து. கலாசி பெயர் இருந்த கல்வெட்டை நான் கண்டதில்லை. பெயர் விட்டுப்போவது எப்போதும் ஒரே முனையிலிருந்துதான். தவறுதலாக ஒரு முறையாவது மந்திரி பெயர் விட்டுப்போயிருக்கிறதா?

வெளியுலகிலும் இதே கதைதான். தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா என்ற ஜூலு பாடகர் 1939 இல் 'ம்பூபே' என்றொரு பாட்டைப் பதிவு செய்தார். ரிக்கார்டுக் கம்பெனியில் மூட்டை கட்டும் வேலை அவருக்கு. உரிமையைச் சில்லறைக் காசுக்குக் கொடுத்துவிட்டார். அது அமெரிக்கா போய் வேறு பெயரில், வேறு ஆட்கள் பாடி, சிங்கத்தைப் பற்றிய பாட்டாக உலகமெல்லாம் பணம் குவித்தது. லிண்டா 1962 இல் ஏழையாகவே இறந்தார். மகள்கள் வழக்குப் போட்டு, 2006 இல்தான் சமரசம் ஆயிற்று. அமெரிக்காவின் பிக் மாமா தார்ன்டன் என்ற புளூஸ் பாடகி முதலில் பாடிப் புகழ் பெற்ற பாட்டு, எல்விஸ் பிரஸ்லி 1956 இல் பாடிய பின் அவருடையதாகவே ஆகிவிட்டது. தமக்கு அதில் 500 டாலர் கிடைத்ததோடு சரி என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார்.

அறிவு இவர்களைப் போல் வாய்மூடிப் போகவில்லை என்பதே எனக்கு ஆறுதல். 2024 இல் அவர் வெளியிட்ட பாட்டுத் தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயர் வைத்திருக்கிறார். தம் பெயரைப் பிறர் விட்டுவிட்டார்கள் என்று வருந்திய மனிதர், தம் தொகுப்பில் பாட்டியின் பெயரை முதலில் போட்டார். இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தையின் முந்தானைதான் கண் முன்னால் நின்றது.

நம் வயதுக்காரர்கள் சிலர், "இதெல்லாம் ஒரு பாட்டா? ராகம் இல்லை, தாளம் தப்பு, ஒரே கத்தல்" என்கிறார்கள். காலை வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் நம் பையன்கள் பெட்டியின் பலகையைத் தட்டிக் கானா பாடும்போது முகம் சுளிக்கிறவர்களும் உண்டு. நானும் சுளித்தவன்தான். மூன்று மணிக்கு எழுந்து வண்டி பிடித்து, இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் பிள்ளைகள் அவர்கள். சுரங்கம் மூடியபின் அவர்களுக்கு விதிக்கப்பட்ட ஷிஃப்ட் அது. ஒருநாள் சுளிக்காமல் உற்றுக் கேட்டேன். ஒரு பையன் தன் கம்பெனிக் கான்ட்ராக்டரைக் கேலி செய்து பாடிக்கொண்டிருந்தான். என் தொப்பியைப் பாடிய மேட் ஞாபகம் வந்துவிட்டது.

கே.ஜி.எப். என்று கன்னடத்தில் 2018 லும் 2022 லும் படம் வந்து உலகமெல்லாம் ஓடியது. அதில் துப்பாக்கி இருந்தது, நம் ஜனங்கள் இல்லை. 'தங்கலான்' 2024 இல் வந்தது. அதில் நம் முன்னோர் இருந்தார்கள், கொஞ்சம் மாயமும் மந்திரமும் கலந்து. சினிமாக்காரர்கள் அவர்களுக்கு முடிந்ததைச் செய்கிறார்கள். நாம் செய்ய வேண்டியதை அவர்கள் செய்ய முடியாது.

ஆகவே செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவுக்கு ஒவ்வொரு முறையும் வெளியூர் ஆர்க்கெஸ்ட்ரா கூப்பிட்டு, செலவு கணிசமாக ஆகி, பழைய சினிமாப் பாட்டையே கேட்டுவிட்டுப் பிரியாணி சாப்பிட்டுக் கலைகிறோம். அதை நிறுத்தச் சொல்லவில்லை. எனக்கும் டி.எம்.எஸ். பாட்டு உயிர். ஒரு மணி நேரம் மட்டும் நம் லைன்களில் மிச்சம் இருக்கும் ஒப்பாரிக்கும் வேலைப் பாட்டுக்கும் ஒதுக்குங்கள் என்று சென்ற கூட்டத்தில் கேட்டேன். பொங்கல் விழாவில் ஒப்பாரியா, அமங்கலம் என்று ஒருவர் எழுந்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்று பேசாமல் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு நானே விசாரித்துக்கொண்டு போனேன். சாம்பியன் ரீஃபில் ஒருவர், மாரிக்குப்பத்தில் ஒருவர் என இரண்டு பெரியம்மாக்கள் அகப்பட்டார்கள். இருவருக்கும் எண்பதுக்கு மேல். இருவர் வீட்டிலும் சுரங்கத்தில் போனவர்கள் உண்டு. விஷயத்தைச் சொன்னதும் மாரிக்குப்பத்து அம்மாள் சிரித்துவிட்டார். "சாவு இல்லாம எப்பிடிப்பா ஒப்பாரி வைக்கிறது? வாய் வராதே" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் மருமகள்தான், "மைன் செத்துச்சே அத்தே, அதுக்கு யாரு வச்சாங்க?" என்றாள். அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எந்த நாளு அது?" என்று கேட்டார்.

பொங்கல் வேண்டாம். பிப்ரவரி 28 மாலை வைத்துக்கொள்ளலாம். ஒரு மைக், ஒரு பாய், ஒலிப்பதிவுக்கு என் பேரனின் செல்போன் போதும்; அவன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். நோட்டீஸில் இரண்டு அம்மாக்களின் பெயரும் முதலில் வர வேண்டும். தலைமை, முன்னிலை எல்லாம் அதற்குக் கீழே. அச்சுக்குப் போகுமுன் நான் ஒரு தரம் பார்த்துத் தருகிறேன். சாம்பியன் ரீஃப் அம்மாளுக்கு மூட்டு வலி, படியேற முடியாது. ஆகையால் மாடி ஹால் வேண்டாம், கீழ்க் கூடமே வேண்டும். போகவர ஆட்டோ என் செலவு.